அசாகுசாவில் ஒரு முள்ளங்கியும் மூன்று தோப்புக்கரணமும்

டோக்கியோவின் அசாகுசா பகுதியை நானும் அம்மாவும் ஒரு தன்னார்வ வழிகாட்டியுடன் நடந்து பார்த்தோம். மூன்று வாரம் முன்பே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டிருந்தேன். வந்தவர் எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கட்டணம் கிடையாது, அவருடைய ரயில் செலவையும் மதியச் சாப்பாட்டையும் நாம் ஏற்றுக்கொள்வது வழக்கம். அம்மா முதல் ஐந்து நிமிடத்திலேயே அவரை 'டீச்சரம்மா' ஆக்கிவிட்டார்.

காமினாரிமோன் வாசலில் எல்லோரும் அந்தப் பெரிய சிவப்பு விளக்கின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா எங்களை அதற்கு நேர் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார். விளக்கின் அடியில் ஒரு டிராகன் செதுக்கப்பட்டிருந்தது. 628இல் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பியின் வலையில், கருணையின் வடிவமாக பௌத்தர்கள் வணங்கும் கண்ணோனின் சிலை சிக்கிய கதையைச் சொல்லிக்கொண்டே சென்சோஜி கோயிலுக்குள் அழைத்துப்போனார். கடைத்தெருவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; நெரிசல்தான்.

கோயிலருகே ஒரு கிங்கோ மரம் இருக்கிறது. அடிமரம் கருகிக் குடைந்திருந்தாலும் மேலே பச்சை இலைகள். இரண்டாம் உலகப் போரில், 1945 மார்ச் 10 அமெரிக்கக் குண்டுவீச்சில் பழைய கோயில் எரிந்தது. இப்போதிருப்பது 1958இல் கட்டியது. அன்றிரவு தன் தாய் ஆற்றங்கரை வழியாக ஓடிப் பிழைத்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு, டீச்சரம்மா மரத்தின் மேல் கையை வைத்தபடி நின்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, அவரும் பக்கத்தில் போய்க் கையை வைத்தார்.

பிறகு அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் இருந்த பிள்ளையார் டாலரை டீச்சரம்மா கவனித்தார். "இவர் இங்கேயும் இருக்கிறார், வாருங்கள்" என்று பத்து நிமிட தூரத்தில் ஒரு சிறு குன்றின் மேலிருக்கும் மாட்சுசியாமா ஷோடென் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நம் விநாயகர் பௌத்தத்தோடு பயணம் செய்து அங்கே காங்கிடென் ஆகியிருக்கிறார். சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. அருகம்புல்லும் இல்லை, கொழுக்கட்டையும் இல்லை, முள்ளங்கி படைக்கிறார்கள். பார்க்கும் இடமெல்லாம் முள்ளங்கியும் சுருக்குப்பையும் செதுக்கியிருக்கிறார்கள். முள்ளங்கி மனத்தில் ஊறிய கோபத்தைக் குறிக்குமாம். அதைச் சாமியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

அம்மா ஒரு முள்ளங்கி வாங்கிக் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். படைத்துவிட்டுக் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார். டீச்சரம்மா காரணம் கேட்டார், சொன்னேன். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, காதை மாற்றிப் பிடித்து, மூன்று போட்டார்.

*

மேலே எழுதியவரின் அம்மாவுக்கு என் வணக்கம். என் அனுபவம் ஜப்பானின் பழைய தலைநகரான நாராவில். தோடாய்ஜி கோயிலின் ஏறக்குறைய 15 மீட்டர் உயரப் புத்தர் முன்னால் எங்கள் வழிகாட்டிப் பெரியவர் கேட்டார்: "இவருக்குக் கண் திறந்தது யார் தெரியுமா? உங்கள் நாட்டவர்." 736இல் ஜப்பான் வந்த இந்தியத் துறவி போதிசேனர்தான் 752இல் தூரிகை பிடித்துக் கண் வரைந்தவர். தூரிகையில் கட்டிய நீண்ட கயிறுகளைக் கூடியிருந்தவர்கள் பற்றிக்கொண்டார்களாம், எல்லோரும் சேர்ந்து கண் திறப்பதாக. நம் ஊரில் சிற்பி கண் திறக்கும் சடங்கைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்தப் பெயரையே நான் அதுவரை கேட்டதில்லை என்பது உறுத்தியது. மறுநாள் தோமியோ ரயில் நிலையத்திலிருந்து பஸ் பிடித்து, அவரை அடக்கம் செய்த ர்யோசென்ஜி கோயிலுக்குப் போய் வந்தேன். நாரா போகிறவர்கள் அங்கே பூங்காவில் திரியும் மான்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அங்கே கொடுங்கள்.

*

என் பங்குக்கு ஜப்பானின் கனசாவா நகரம். அங்குள்ள கென்ரோகுஎன் தோட்டத்தில் நவம்பர் 1ஆம் தேதி யுகிட்சுரி தொடங்கும். ஈரப்பனியின் பாரத்தில் கிளை முறியாமலிருக்க, பைன் மரத்தின் நடுவே நெடிய கம்பம் நட்டு, உச்சியிலிருந்து கிளைகளுக்குக் குடைபோலக் கயிறு கட்டுவார்கள். எங்களுடன் வந்த தன்னார்வலர் அதைக் காட்டியே தீர வேண்டும் என்று மழையில் ஒரு மணி நேரம் நின்றார். விடைபெறும்போது நான் நீட்டிய உறையை வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்குத் தமிழில் எப்படி நன்றி சொல்வது என்று கேட்டு, கைக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.