குதிரைக் காலில் புண்ணுக்கு மேல் வளரும் சதை: கையாண்டவர்கள் எழுதுவது

கால்நடை மருத்துவர்:

முள்கம்பியில் கிழிந்த கால் என்று குதிரையைக் கொண்டுவருபவர்கள் முதலில் கேட்பது, "சதை வளர்ந்துடுமா டாக்டர்?" என்றுதான். முன்காலில் முழங்காலுக்கும், பின்காலின் நடுவில் உள்ள ஹாக் மூட்டுக்கும் கீழே பட்ட காயம் என்றால் வளரும் வாய்ப்பு அதிகம். மார்பிலோ தொடையிலோ உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்தாலும் தோல் தானாகச் சுருங்கிப் புண்ணை இழுத்து மூடும். காலின் கீழ்ப்பகுதியில் தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், அதன்மேல் இறுக்கமான தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைவு, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் மூட்டு அசைகிறது, சாணமும் மூத்திரமும் காலடியிலேயே கிடக்கின்றன. அதனால் அழற்சி முழுதாக அடங்காமல் மெல்லப் புகைந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் புண் சதையை மட்டும் உற்பத்தி செய்துகொண்டே போகும், மூடாது.

முதல் இரண்டு வாரத்தில் கால்புண் சுருங்காமல் இன்னும் அகலமாகும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை மாற்றவேண்டாம். அதன்பிறகு ஓரத்துத் தோல் உள்நோக்கி நகரும் வேகம் காலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. மட்டுமே. விலாவில் இதைப்போல் இரண்டு மடங்கு. 4 செ.மீ. அகலப் புண்ணில் சுருக்கம் கைகொடுக்காவிட்டால், இரு பக்கத் தோலும் நடுவில் சந்திக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பெரிய குதிரைகளை விட மட்டக்குதிரைகளுக்குச் சீக்கிரம் ஆறும்.

சதை வளர்வதே கெடுதல் என்று எண்ணவேண்டாம். புதுத்தோல் ஊர்ந்து வர அதுதான் தளம். இளஞ்சிவப்பாக, பொடி மணல் பரப்பினாற்போல, தோலின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்தால் நல்ல சதை. மட்டத்தைத் தாண்டி எழும்பி, வழவழப்பாக, கருஞ்சிவப்பாக, பிளவுகளோடு ஓரத்தின் மேல் குடைபோல் கவிந்தால் தோலால் அந்த மேட்டில் ஏற முடியாது.

ஓரத்தை உற்றுப் பாருங்கள். முடி உள்ள தோல் முடியும் இடத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வெளிறிய, ஈரமான, மெல்லிய ஒரு பட்டை தெரியும். அதுதான் புதுத்தோல். அழுக்கு என்று நினைத்துப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தால் இருபது நாள் வளர்ச்சி ஒரே நிமிடத்தில் போய்விடும். அந்தப் பட்டை பிழைப்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம்.

—

லாயப் பொறுப்பாளர்:

டாக்டர் சொன்னதோட, முதல் நாள் வேலையையும் எழுதிடறேன். பாதிச் சதை வளர்ச்சிக்கு அங்கதான் விதை விழுது.

மஞ்சள், காப்பித்தூள், கிரீஸ், பழைய எஞ்சின் ஆயில் எதையும் போடாதீங்க. முதல்ல புண்ணைச் சுத்தி முடியை வெட்டணும். வெட்டுற முடி உள்ள விழாம இருக்க, புண்ணு மேல வழுவழுப்பான கே.ஒய். ஜெல்லி தடவிக்கலாம். அப்புறம் கொதிச்சு ஆறின 1 லிட்டர் தண்ணில 9 கிராம் உப்பு. 35 அல்லது 50 மி.லி. சிரிஞ்சுல 18 நம்பர் ஊசி மாட்டி, அந்தத் தண்ணியைப் பீச்சிக் கழுவுங்க. ஒரு லிட்டராவது போகணும். குழாய்த் தண்ணியை நாளு தவறாம வேகமா அடிச்சா சதை ஊறிப் புடைக்கும். அழுக்கு அதிகம்னா 10% போவிடோன் அயோடினை லிட்டருக்கு 10 முதல் 20 மி.லி. கலக்கலாம், வெளிறின டீ நிறம் வந்தா போதும். பாட்டில்ல இருந்து அப்படியே ஊத்தினா நல்ல செல்லும் செத்துடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் அதே கதைதான்.

ரணஜன்னி ஊசி கட்டாயம். வீட்டு விலங்குகள்ல டெட்டனஸ் குதிரையைத் தாக்கற அளவுக்கு வேற எதையும் தாக்காது. கடைசி ஊசி போட்டு ஆறு மாசம் தாண்டியிருந்தா மறுபடி போடச் சொல்லுங்க. ஊசியே போட்டதில்லைன்னா டாக்சாய்டோட (தடுப்பூசி) ஆன்டிடாக்சினும் (நஞ்சு முறிவு ஊசி) வேணும்.

மூட்டுப் பக்கம் காயம், அதுல இருந்து வெளிர் மஞ்சளா, விரல்ல தொட்டா நூல் இழுக்கற மாதிரி நீர் வருதுன்னா அன்னிக்கே டாக்டர் வரணும். அது மூட்டுநீரா இருக்கலாம். காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

—

கால்நடை மருத்துவர்:

வளர்ந்துவிட்டால் வெட்டி எடுப்பதே சரியான வழி. அந்தச் சதைக்குள் நரம்பு கிடையாது, ஆகவே வலிக்காது. ஆனால் ரத்தம் கொட்டும், பார்ப்பவர் அரண்டுபோவார். குதிரை உதைக்காமல் நிற்க மயக்க ஊசி கொடுத்து, 20 அல்லது 22 எண் பிளேடால் கீழிருந்து மேலாகச் சீவவேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் ரத்தம் கீழே வெட்டவேண்டிய இடத்தை மறைத்துவிடும். தோல் மட்டத்துக்கோ அதற்கு 2 மி.மீ. கீழேயோ நிறுத்தலாம். ஓரத்துப் புதுத்தோலில் பிளேடு படக்கூடாது. உடனே ஒட்டாத டிரெஸ்ஸிங் வைத்து, பஞ்சுப்பட்டை அடுக்கி, அழுத்தக் கட்டு போட்டு 24 முதல் 48 மணி நேரம் விடவேண்டும். காலிஃபிளவர் அளவுக்கு வளர்ந்ததை ஒரே தடவையில் எடுத்தால் ரத்த இழப்பு அதிகம். இரண்டு மூன்று தவணையாக எடுப்பதே நல்லது.

மயில்துத்தம், சுண்ணாம்பு, சில்வர் நைட்ரேட் எதுவானாலும் சதையையும் புதுத்தோலையும் சேர்த்தே எரிக்கும். மேடு கருகி உதிரும்போது வேலை செய்தாற்போல் தெரியும். ஆனால் ஓரத்தில் தோல் பின்வாங்கியிருக்கும், அழற்சி புதிதாகத் தொடங்கியிருக்கும், மூன்று வாரத்தில் முன்பை விடப் பெரிதாகச் சதை நிற்கும். துத்தம் வைத்து வைத்து குளம்புக்குச் சற்று மேலே உள்ள ஃபெட்லாக் மூட்டு முழுக்கத் தடித்துப்போன குதிரைகளை அந்தியூர்ச் சந்தையில் இன்றும் பார்க்கலாம். மனம் வலிக்கிறது. ஒரு பிளேடில் முடிந்திருக்கவேண்டிய காரியம் அது.

—

ரேஸ் குதிரைப் பராமரிப்பாளர்:

கட்டு பத்தி ஒரு விஷயம். கட்டு போட்டா ஈ வராது, அசைவு குறையும், அழுக்கு படாது. ஆனா காத்தே போகாம இறுக்கிக் கட்டி நாள்கணக்கா விட்டா, அதுவே சதையை வளர்க்கும். புண்ணு தசைநாணோ எலும்போ தெரியற அளவுக்கு ஆழமா இருக்கும்போது கட்டு அவசியம், ஏன்னா அந்தப் பள்ளத்தைச் சதை நிரப்பியாகணும். மட்டத்துக்கு வந்த பிறகு புண்ணு பார்த்து முடிவு பண்ணணும். சின்னதா, மூட்டைத் தொடாம இருந்தா திறந்து விட்டாலே பல சமயம் சதை அடங்கும்.

ஒட்டாத டிரெஸ்ஸிங், மேல ரெண்டு அங்குலத் தடிமன்ல பஞ்சுப்பட்டை, அப்புறம் ரோலர், கடைசியா ஒட்டும் எலாஸ்டிக். ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதியை மூடணும். பஞ்சு மெலிசா இருக்கும்போது எலாஸ்டிக்கை இழுத்துச் சுத்தினா பின்பக்கத் தசைநாண்ல காயமாகும். அந்த வீக்கம் புண்ணை விட மோசம். கட்டு நனைஞ்சாலோ கீழ இறங்கினாலோ அன்னிக்கே மாத்தணும், இல்லேன்னா ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை. கட்டு இருக்கற வரைக்கும் குதிரை லாயத்துலேயே நிக்கட்டும், நடையும் ஓட்டமும் வேண்டாம்.

ஸ்டீராய்டு களிம்பு எப்பன்னு கேட்டா, சதை மட்டத்தைத் தாண்டத் தலை தூக்கற சமயத்துல, சீழ் இல்லேன்னா மட்டும், மெல்லிசா ஒரு பூச்சு. ஒண்ணு ரெண்டு கட்டு மாத்தறதோட நிறுத்திடணும். தொடர்ந்து போட்டா தோலும் சேர்ந்து நின்னுடும். முழுசா வளர்ந்த மேட்டை அது கரைக்காது.

—

கால்நடை மருத்துவர்:

இரண்டு முறை சீவியும் திரும்ப வந்தால் மூன்றாவது முறை சீவுவதற்கு முன் காரணத்தைத் தேடவேண்டும். கேனன் எலும்பு (முழங்கால் அல்லது ஹாக் மூட்டுக்குக் கீழே உள்ள நீள எலும்பு) வெளியே தெரிந்த காயமா? அதன் மேலுறை காய்ந்து ஒரு சில்லு செத்துப்போயிருக்கலாம். சதைக்கு நடுவே சின்ன ஓட்டை, அதிலிருந்து ஓயாமல் சீழ் என்றால் அதுவே அடையாளம். காயம்பட்டு மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். சில்லை எடுத்தவுடன் மாதக்கணக்கில் ஆறாத புண் ஆறத் தொடங்கும்.

வெயில்காலத்தில் ஈ மொய்த்த புண்ணில், சதைக்குள் அரிசிக் குருணை போல மஞ்சள் பொடிமணிகள் வந்தால் ஹாப்ரோனீமா புழு. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மி.கி. வீதம் கொடுத்து, ஈயையும் தடுக்கவேண்டும். தேங்கிய நீரில் நிற்கும் குதிரைக்கு வேகமாகப் பெருகும் புண், கடித்துக் குதறும் அளவுக்கு அரிப்பு, உள்ளே பவளம் போன்ற கெட்டி மஞ்சள் கட்டிகள் என்றால் பித்தியோசிஸ், நீரில் வாழும் பூஞ்சை போன்ற கிருமியால் வரும் நோய். அதற்கு ஒரு வாரம்கூடத் தாமதிக்கக்கூடாது. சார்காய்டு என்னும் தோல் கட்டியும் பார்வைக்கு இதே சதை போலத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் சீவிய சதையில் ஒரு துண்டை, அதைப்போல் பத்து மடங்கு 10% ஃபார்மலினில் போட்டு, நாமக்கல்லிலோ சென்னை வேப்பேரியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள்.

—

லாயப் பொறுப்பாளர்:

டாக்டர், அகலமான புண்ணுக்குத் தோல் ஒட்டறதைப் பத்தியும் எழுதுங்க. தழும்பையும் நிறைய பேர் கேக்கறாங்க.

—

கால்நடை மருத்துவர்:

பஞ்ச் ஒட்டு, அதாவது வட்டமான சிறு தோல் துண்டுகளைப் புண்ணில் பதிப்பது, நம் ஊர் வசதிக்குள் அடங்குவது. முந்தின நாள் சதையை மட்டமாகச் சீவிவிடவேண்டும். மறுநாள் புண்ணில் 6 மி.மீ. துளைகளைக் கீழ் வரிசையிலிருந்து போட்டு, ரத்தம் நிற்க ஒவ்வொன்றிலும் பஞ்சுக்குச்சி முனையைச் செருகவேண்டும். பிடரிமயிருக்கு அடியில் மறைந்திருக்கும் கழுத்துத் தோலில் 8 மி.மீ. துண்டுகளை எடுத்து, அடியில் உள்ள கொழுப்பைச் சுரண்டிவிட்டுத் துளைகளில் வைக்கலாம். எடுத்ததும் தோல் சுருங்கும் என்பதால்தான் இந்த அளவு வித்தியாசம். சில நாளில் துண்டுகளின் மேற்பகுதி கறுத்து உரியும். எல்லாம் போய்விட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள், அடியில் உயிர் இருக்கும்.

தழும்புக்கு, தோல் முழுக்க மூடிய பின்னரே கை வைக்கவேண்டும். மூடிய இடத்தில் முடி வராது, வியர்வை, எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்காது, அதனால் காய்ந்து வெடிக்கும். வாசலைனோ தேங்காய் எண்ணெயோ தினம் இரு வேளை தடவி, விரல் நுனியால் ஐந்து நிமிடம் வட்டமாக நீவலாம். சிலிகான் ஷீட் கிடைத்தால் கட்டுக்கு அடியில் வைக்கலாம், தழும்பு தடிப்பதைக் குறைக்கும். முடி வளரவைக்கும் என்று விற்கும் களிம்புக்குக் காசு செலவழிக்கவேண்டாம். குளம்பு தொடங்கும் விளிம்பு கிழிந்திருந்தால் அந்த நேர்க்கோட்டில் குளம்பு பிளவோடு இறங்கும் என்பதையும் குதிரையை வாங்குபவர் பார்த்துக்கொள்ளவேண்டும். லாடம் அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த இடத்தில் ஆணி போகக்கூடாது.