15 மீட்டரில் எடுத்த வீடியோ முழுக்க நீலம், ஃபில்டர் வாங்கவா லைட் வாங்கவா?

அலைபாயும் அருள்:
போன வாரம் அந்தமான் ஹேவ்லாக்கில் நாலு டைவ் போய்விட்டு வந்தேன். சின்ன ஆக்‌ஷன் கேமரா, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய கேமரா நிறத்தைச் சரிக்கட்டும் வசதி) ஆட்டோவில், லைட் கிடையாது. வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தால் எல்லாமே சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. 15 மீட்டரில் ஒரு லயன்ஃபிஷ் பின்னாலேயே அலைந்து எடுத்தேன், அதன் செம்பழுப்புக் கோடுகள் வெறும் சாம்பலும் கறுப்பும். நண்பன் காலில் மாட்டியிருந்த சிவப்பு ஃபின்ஸ் (நீச்சல் துடுப்பு) கரி பூசியது போல இருக்கிறது. எடிட்டிங்கில் சிவப்பை ஏற்றினால் படம் முழுக்க ஊதாப் புள்ளிகள் கொதிக்கின்றன. பிப்ரவரியில் மறுபடி போகிறேன். லென்ஸ் மேல் மாட்டும் கலர் ஃபில்டரா, லைட்டா? ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

உப்புக்காற்று:
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான், 5 மீட்டருக்குள்ளேயே பெரும்பங்கு போய்விடும், அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். உங்கள் கிளிப்பில் சிவப்பு பதிவே ஆகவில்லை, நீங்கள் ஏற்றியது வெறும் நாய்ஸ், அதாவது சென்சாரின் இரைச்சல் புள்ளிகள்.

இன்னொன்று, ஆழம் மட்டும் கணக்கு இல்லை. 15 மீட்டர் ஆழத்தில், மீனுக்கு 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் வெளிச்சம் 18 மீட்டர் தண்ணீரைக் கடந்து வந்திருக்கிறது. ஜூமை மறந்துவிட்டுக் கிட்டே போங்கள்.

சிவப்பு ஃபில்டர், இல்லாத சிவப்பைக் கொண்டுவராது, நீலத்தையும் பச்சையையும் குறைத்துச் சமன் செய்யும், அவ்வளவுதான். அதனால் படம் இருட்டும். நல்ல உச்சி வெயில், சூரியன் முதுகுப் பக்கம், 5 முதல் 15 மீட்டர் வரை என்றால் சரி. அதைக் கழற்றாமல் 2 மீட்டருக்கு ஏறி வந்தால் எல்லோர் முகமும் தக்காளி.

நிலாவெளிக்காரன்:
நான் திருகோணமலையில், புறாத்தீவுப் பக்கம் இறங்குபவன். ரெண்டுக்கும் முன்னால் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது தம்பி: கேமராவில் வசதி இருந்தால், எடுக்கப்போகும் ஆழத்தில் வெள்ளை ஸ்லேட்டை (தண்ணீருக்குள் எழுதும் பலகை) காட்டி ஒயிட் பேலன்ஸைக் கையால் வையுங்கள். ஆழம் 3 மீட்டர் மாறினால் திரும்பவும் வைக்க வேண்டும், சலிப்பான வேலைதான். ஒருமுறை ஸ்லேட்டை மறந்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினேன். தோலை வெள்ளை என்று கேமரா நம்பிவிட்டது, அன்று எடுத்த மீனெல்லாம் பாசி பிடித்த மாதிரி. பாண்டிச்சேரி மாதிரிப் பச்சைத் தண்ணீர் என்றால் மெஜந்தா ஃபில்டர் வேண்டும், சிவப்பு சரிப்படாது.

ஓ-ரிங்:
லயன்ஃபிஷ்தான் வேண்டுமென்றால் லைட். அரை மீட்டரில் வைத்து அடித்தால் வெளிச்சம் போய்வருவது மொத்தமே ஒரு மீட்டர், சிவப்பு அப்படியே திரும்பி வரும். ஒன்றரை மீட்டர் தாண்டினால் பகலில் லைட் இருப்பதே தெரியாது. லென்ஸ் பக்கத்தில் ஒட்டி வைத்தால் தண்ணீரில் மிதக்கும் துகளெல்லாம் மின்னிப் பனி பெய்த மாதிரி ஆகும், கை நீட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஃபில்டரும் லைட்டும் சேர்ந்து வேண்டாம். லைட்டை மூடுவதற்கு முன் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள், அதில் சிக்கிய ஒரே ஒரு தலைமுடி தண்ணீரை உள்ளே விட்டு என் முதல் லைட்டைக் குடித்துவிட்டது.

பவளத்திட்டு:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 20 மீட்டரில் ஒருமுறை பாறையில் விரல் கிழித்து ரத்தம் வந்தது, பச்சையாக! அந்த ஆழத்தில் இயல்பான நிறம் அதுதான், கேமரா பொய் சொல்லவில்லை. தூரக் காட்சிகளை நீலமாகவே விடுங்கள், கிட்டே இருப்பதற்கு மட்டும் நிறம் கொடுங்கள். ஒரே ஸ்லைடரில் முழுப் படத்தையும் திருத்தினால் ஒன்று முன்னால் கெடும், இல்லை பின்னால் கெடும். 2019-ல் தெர்யா அக்காய்னாக், தாலி திரைபிட்ஸ் இருவரும் வெளியிட்ட ஸீ-த்ரூ என்ற கணினி முறை, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுத்தான் நிறத்தைத் திருத்துகிறது.

அலைபாயும் அருள்:
எல்லோருக்கும் நன்றி. லைட் என்று முடிவு, ஸ்லேட்டை இன்ஸ்ட்ரக்டரிடம் கடன் வாங்கிக்கொள்கிறேன். மேலே வரும்போது 5 மீட்டரில் நின்ற மூன்று நிமிடத்தில் எடுத்த துண்டை நேற்று எடுத்துத் திருத்திப் பார்த்தேன், நண்பனின் ஃபின்ஸ் லேசாகச் சிவந்தது. லயன்ஃபிஷ் சாம்பலாகவே கிடக்கட்டும்.