மில்லுக்குப் போகிற கிழங்கு

குழு: ஆத்தூர் – சேலம் – ஏற்காடு சொந்தங்கள்
ஞாயிறு

தினேஷ் (5:12): ‘இந்தப் பத்துக் காய்கறிகள் விஷம்! படித்தவுடன் எல்லோருக்கும் அனுப்புங்கள்!!’

பெரியம்மா (5:15): பத்தையும் விட்டுவிட்டு உப்புப் போட்டுச் சோறு தின்கிறதா? நேற்று வாழைப்பழம் என்றாய், இன்றைக்கு இதுவா.

நான் (5:31): ஆத்தூர் மாமா, நேற்று உங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்த குச்சிக்கிழங்கைக் குக்கரில் மூன்று விசில் விட்டேன். பாப்பா கசக்குது என்கிறாள். இன்னும் வேகணுமா?

ஆத்தூர் மாமா (5:32): எந்த மூட்டையில் எடுத்தாய்?

நான் (5:32): மாட்டுக்கொட்டகை ஓரம் இருந்ததே, அது.

ஆத்தூர் மாமா (5:33): ஐயோ கண்ணு, அது மில்லுக்குப் போகிற கிழங்கு! உங்களுக்கு வைத்தது திண்ணையில் இருந்தது. யாரும் தின்னாதீங்க. துப்பச் சொல். போனை எடு.

நர்ஸ் அக்கா (5:36): பாப்பா எவ்வளவு தின்றாள்?

நான் (5:37): ஒரு வாய். அதையும் துப்பிவிட்டாள். நான் இரண்டு துண்டு தின்றேன், எனக்குக் கசக்கவே இல்லையே.

நர்ஸ் அக்கா (5:38): ஒரே செடியிலேயே கிழங்குக்குக் கிழங்கு மாறும். வாய் கொப்பளியுங்கள். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, கிழங்கையும் எடுத்துக்கொள். சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம், இன்று ராத்திரி பார்த்துக்கொண்டே இரு. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே.

பெரியம்மா (5:40): 🎤 1:47

சென்னை அண்ணி (5:41): குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளிதானே? நாங்கள் எப்போதும் குக்கரில்தான் வைக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

ஆத்தூர் மாமா (5:45): கடையில் தின்ன விற்கிற ரகத்துக்கு ஒன்றும் ஆகாது அண்ணி. மில்லுக்குப் போடுகிற ரகத்தில் மாவு அதிகம், சிலதில் கசப்பும் அதிகம். மில்லில் தோலை உரித்து, அரைத்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி மாவுப்பாலைப் பிரித்துத் தொட்டியில் தெளிய விடுவார்கள். விஷம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். அப்புறம்தான் அது ஜவ்வரிசி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம சேலம் ஜவ்வரிசி!

தினேஷ் (5:46): மாமா விளம்பரம் ஆரம்பித்துவிட்டார்.

நர்ஸ் அக்கா (5:52): மாமா சொல்வது சரி. கிழங்குக்குள் சயனைடு தயாராக உட்கார்ந்திருக்காது. லினமாரின் என்று ஒரு பொருள் ஓரிடம், அதை உடைக்கிற நொதி வேறிடம். நறுக்கினால், துருவினால் இரண்டும் சேரும், சயனைடு கிளம்பும். அது 26 டிகிரியிலேயே ஆவியாகிற பொருள், தண்ணீரிலும் கரையும். முழுசாகக் குக்கரில் அடைத்தால் நொதி சூட்டில் செத்துவிடும், லினமாரின் உள்ளேயே நிற்கும். அதனால்தான் நம்ம அம்மாயி உள்தோலையும் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினாள்.

நான் (5:54): நான் தோலோடு வைத்தேன் அக்கா. சத்து போகக்கூடாதே என்று 🙈

நர்ஸ் அக்கா (5:54): சதையைவிட அந்தத் தோலில்தான் விஷம் அதிகம்.

ஆத்தூர் மாமா (5:57): நம்ம வீட்டிலேயே ஒரு வெள்ளாடு வெட்டிப்போட்ட பச்சைக் குச்சிக்கிழங்கு இலையை மேய்ந்து, நான் கயிற்றை அவிழ்ப்பதற்குள் போய்விட்டது. அன்றையிலிருந்து அப்பா அறுவடை நாளில் ஆட்டைக் காட்டுப் பக்கமே விட மாட்டார்.

ஏற்காடு அத்தை (6:10): இப்போதுதான் பார்த்தேன். பாப்பா எப்படி இருக்கிறாள்? கசந்தால் சுரைக்காயையும் இப்படித்தான் தூக்கிப் போடணும். போன மாசம் எங்கள் கொடியில் காய்த்தது அப்படிக் கசந்தது. கூட்டு முழுவதையும் கொட்டினேன், உங்கள் மாமா ‘இன்னும் கொஞ்சம் வேகவை, போய்விடும்’ என்கிறார். அந்தக் கசப்பு வேகவைத்தால் போகாது. அதைப் பச்சையாக ஜூஸ் போட்டுக் குடித்து இறந்தவர்களே உண்டு.

பெரியம்மா (6:14): குச்சிக்கிழங்கோடு இஞ்சி சேரக்கூடாது, அதுதான் விஷம். வாய்ஸில் சொன்னேன், ஒருத்தரும் கேட்கவில்லை.

நர்ஸ் அக்கா (6:15): கேட்டேன் பெரியம்மா. இஞ்சி போட்டாலும் போடாவிட்டாலும் கசந்தால் துப்பணும்.

தினேஷ் (6:20): என் பத்தில் குச்சிக்கிழங்கும் இருந்தது. நான்காவது. யாராவது படித்தீர்களா?

ஆத்தூர் மாமா (6:31): கண்ணு, நாளைக் காலை முதல் பஸ்ஸில் நல்ல கிழங்கு கொடுத்து அனுப்புகிறேன். நீலக் கயிறு கட்டியது நம்முடையது. தப்பு என்மேல்தான், மூட்டையில் எழுதி வைத்திருக்கணும்.

நர்ஸ் அக்கா (9:48): பாப்பா?

நான் (9:50): இரண்டு தோசை தின்றுவிட்டுத் தூங்குகிறாள். எனக்கும் ஒன்றுமில்லை. கிழங்கைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

பெரியம்மா (9:53): குக்கர் தண்ணீரை மாட்டுக்கு ஊற்றிவிடாதே.

நான் (9:54): பெரியம்மா, நான் அஸ்தம்பட்டியில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன்.