ஜாதிக்காய்ப் பழ ஆய்வுக்கு உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு மேற்கொண்டுள்ள நான், ஜாதிக்காய்ப் பழத்தின் எந்தப் பகுதி பாக்டீரியாவை வலுவாகத் தடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவிருக்கிறேன். விதையைப் போர்த்தியிருக்கும் சிவந்த ஜாதிபத்திரியிலிருந்து மலபாரிகோன் பி, மலபாரிகோன் சி என்னும் இரு சேர்மங்கள் பிரித்தெடுக்கப்பட்டு, அவற்றின் எதிர்ப்பாற்றல் 1991-இலேயே பதிவாகிவிட்டது. நம் ஊரில் சாறாகவும் ஊறுகாயாகவும் விற்கும் வெளிச்சதையிலும் அத்தகையவை உண்டா என்பதே என் கேள்வி.

பாலிக் பூலாவ் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள், மருந்து தெளிக்காத மரத்திலிருந்து, வெடிக்கத் தொடங்கிய பழங்களைக் காம்போடு பறித்துத் தந்தால் உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்வேன். தரையில் விழுந்தவை வேண்டாம். பூஞ்சை பற்றிய பழத்தில் தென்படும் விளைவு பழத்தினுடையதா, பூஞ்சையினுடையதா என்று பிரித்தறிவது கடினம்.

ஆய்வகத்தில் பணிபுரிவோரிடம் வேறோர் ஐயம். எண்ணெய்ப்பசையுள்ள சாறு, பாக்டீரியாவை வளர்க்கும் கூழான அகார் ஊடகத்தில் சரியாகப் பரவாது என்பதால், சாற்றில் தோய்த்த காகித வட்டைச் சுற்றிலும் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் சிறிதாக இருந்தாலே ஆற்றல் குறைவு என்று முடிவுகட்ட முடியாது. ஆகவே திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நிறம் மாறும் ரெசாசூரின் சாயம் சேர்த்து, நீலம் இளஞ்சிவப்பாக மாறாத மிகக் குறைந்த செறிவைக் கண்டறிய எண்ணுகிறேன். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானின் அளவு மிகுந்தால் அதுவே பாக்டீரியாவை ஒடுக்கிவிடும். (சாறு சேர்க்காத ஒப்பீட்டுக் குழியும் வைப்பேன்.) எத்தனை விழுக்காட்டுக்குள் டிஎம்எஸ்ஓவை நிறுத்துகிறீர்கள், சாறு வீழ்படிவாகிக் கலங்கினால் என்ன செய்கிறீர்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் இங்கேயே தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.