மறு: ஃபோர்குளோசர் – ‘அடமான மூழ்கல்’ சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம். ஃபோர்குளோசர் (foreclosure) என்ற சட்டச் சொல்லுக்கு, அதாவது அடமானம் வைத்தவர் சொத்தை மீட்கும் உரிமையை நீதிமன்றம் நீக்குவதற்கு, ‘அடமான மூழ்கல்’ என்று நான் வைக்கச் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘முன்மூடல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, வங்கியிலும் அந்தப் பொருளில்தானே புழங்குகிறது?

வங்கியில் புழங்குவதுதான் சிக்கலே. போன மாதம் என் மைத்துனர் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்து, "வீட்டுக் கடனை ஃபோர்குளோஸ் பண்ணிட்டேன்" என்றார். தவணைக்காலம் முடியுமுன்பே மொத்தமாகக் கட்டி, பத்திரத்தைக் கையில் வாங்கிவிட்டார். அதற்கு முன்மூடல் பொருத்தம். நீதிமன்றத்திலோ பொருள் நேர்மாறு: பத்திரம் இனி வரவே வராது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், தோற்றவரும் ஜாங்கிரி வாங்கக் கிளம்பிவிடுவார்.

‘ஜப்தி’யும் ஆகாது, அது வங்கி வீட்டைக் கைப்பற்றுவதற்குப் பேச்சில் புழங்கும் சொல். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் விட்டு, வீட்டைக் கைப்பற்றி ஏலம் போடுவது வழக்கே போடாமல் நடப்பது. நமக்கு வேண்டியது 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆம் கட்டளையில் வருவது.

நிபந்தனைக் கிரயமாக (கடனைக் கட்டாவிட்டால் கிரயம் உறுதியாகும் என்ற நிபந்தனையோடு) அடமானம் எழுதி வாங்கியவர், மீட்கும் உரிமையை நீக்கக் கோரி வழக்குப் போடுகிறார். (சொத்தைக் கையில் கொடுக்காமல் எழுதும் சாதாரண ஈட்டுக்கு இந்த வழக்கு கிடையாது, சொத்தை விற்றுத் தரச்சொல்லித்தான் கேட்கலாம். சொத்தைத் தன் கையில் வைத்து அனுபவிக்கும் போக்கியக்காரருக்கு இரண்டும் இல்லை.) நீதிமன்றம் கணக்குப் பார்த்து, 6 மாதத்துக்குள் ஒரு கெடு வைத்து முதல்நிலைத் தீர்ப்பாணை போடும். தக்க காரணம் சொன்னால் கெடு நீளும். இறுதித் தீர்ப்பாணைக்கு முதல் நாள் பாக்கி முழுவதையும் கட்டினாலும் சொத்து திரும்பிவிடும். அந்த ஆணை வந்துவிட்டால் மீட்கும் உரிமை அடியோடு போய்விடும்.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? அடகுக்கடை ரசீதை முந்தானையில் முடிந்தே வைத்திருந்த என் அத்தை, கெடு தாண்டிய அன்று முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சங்கிலி மூழ்கிப்போச்சுடா" என்றார். மீட்பது, மூழ்குவது – இரண்டும் அடகுக்கடை வாசலில் ஜோடியாகவே நிற்கும் சொற்கள். அதனால்தான் ‘அடமான மூழ்கல்’ என்கிறேன்.

மூழ்கிய நகை கடைசியில் ஏலத்துக்குத்தானே போகிறது, நிலம் அப்படியில்லையே, கடன் கொடுத்தவரிடமே நின்றுவிடுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அத்தை அழுதது ஏலத்துக்காக அல்ல, இனி மீட்க முடியாது என்பதற்காக. சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று: இறுதித் தீர்ப்பாணையோடு அந்த அடமானக் கடன் பொறுப்பும் தீர்ந்ததாகக் கொள்ளவேண்டும் என்கிறது 34-ஆம் கட்டளையின் 3-ஆம் விதி. விற்பனை வழக்கில் விலை போதாவிட்டால் மீதிக்கு ஆளைத் துரத்த வழி உண்டு. இங்கே சொத்தோடு கடனும் சேர்ந்து மூழ்குகிறது.

‘மீட்புரிமை நீக்கம்’ துல்லியம்தான், மறுக்கவில்லை. விளக்கவுரையில் அதையே போடலாம். ஆனால் ‘மீட்புரிமை நீக்கக் கோரும் வழக்கின் இறுதித் தீர்ப்பாணை’ என்று பக்கத்துக்கு நான்கு முறை எழுதிப் பாருங்கள். ‘மூழ்கல் தீர்ப்பாணை’ இரண்டே சொல்.

வெறும் ‘மூழ்கிய நிலம்’ என்றால் ஏரி உடைந்ததுபோல் ஆகிவிடும், ஆகவே ‘அடமான’ முன்னால் நிற்கட்டும். வினைச்சொல்லுக்குத்தான் யாராவது கைகொடுக்க வேண்டும். ‘மூழ்கடிக்கக் கோரி’ என்று வரைவில் எழுதியிருந்தேன். தட்டச்சு செய்த தம்பி, "சார், இது கொலை வழக்கா?" என்று கேட்டுவிட்டான்.