நோய் ஒன்றும் இல்லாத குழந்தைக்கு எதற்குப் பரிசோதனை?

கேள்வி

மகளுக்கு ஒன்றரை வயது முடியப் போகிறது. ஓடுகிறாள், கண்ட இடத்தில் ஏறுகிறாள். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. தடுப்பூசி போடப் போனபோது டாக்டர், "18 மாதத்தில் ஒரு தடவை, 2 வயதில் ஒரு தடவை கூட்டி வாருங்கள், வளர்ச்சி பார்க்க வேண்டும்" என்றார். வீட்டிலோ, "நல்லா இருக்கிற பிள்ளையை ஏன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?" என்கிறார்கள். எனக்கும் அரை மனசுதான். ஊசி இல்லாத நாளில் போய் அப்படி என்னதான் பார்ப்பார்கள்?

பதில் 1

போய்விட்டு வாருங்கள் சகோதரி. நானும் அரை மனசோடு போனவள்தான்.

என் மகனுக்கு அப்போது 4 வயதாக 2 மாதம் இருந்தது. எடை, உயரம் பார்த்து முடித்ததும் படங்கள் போட்ட அட்டையை எதிரே மாட்டினார்கள். இடது கண்ணை மூடியபோது வாத்து, கப்பல், வீடு என்று கடகடவென்று சொன்னான். அடுத்து வலது கண்ணை மூடினார்கள். கையைத் தட்டிவிட்டான். மறுபடி மூடினால் தலையைத் திருப்பி ஓரமாக எட்டிப் பார்த்தான், அப்புறம் அழ ஆரம்பித்தான். "அடம் பிடிக்கிறான்" என்று நான் அதட்டிக்கூட விட்டேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. பாவம், அவனுக்கு அந்தக் கண்ணில் எல்லாம் மங்கலாகத் தெரிந்திருக்கிறது.

இடது கண்ணில் மட்டும் பவர் அதிகம். அந்தக் கண்ணிலிருந்து வரும் மங்கிய படத்தை மூளை ஒதுக்கிவிட்டு வலது கண்ணை மட்டுமே நம்பப் பழகியிருந்தது. சோம்பேறிக் கண் என்பார்கள். மாறுகண் இல்லை, கண் சிவக்கவில்லை, எதிலும் முட்டிக்கொள்ளவில்லை. ஒரு கண் நன்றாகத் தெரிவதால் அவனுக்கே குறை தெரியாது. பிறகு எப்படி நம்மிடம் சொல்வான்?

7 வயதுக்குள் பிடித்தால் நன்றாகத் தேறும், வயது கூடக்கூடக் கடினம் என்றார்கள். முதலில் கண்ணாடி. அப்புறம் நல்ல கண்ணின் மேல் தினமும் 2 மணி நேரம் ஒட்டுப் பட்டை. முதல் வாரம் பிய்த்துப் பிய்த்து எறிந்தான். அவன் கரடி பொம்மைக்கும் ஒன்று ஒட்டியபிறகுதான் வழிக்கு வந்தான். சில மாதம் கழித்து ஒரு நாள், பட்டையோடு சுவர் ஓரம் குந்திக்கொண்டு, "அம்மா, எறும்புக்குக் கால் இருக்கு" என்றான்.

பதில் 2

குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். 18 மாதத்தில் என்ன பார்ப்போம் என்று கேட்டதால் சொல்கிறேன்.

எடையை வளர்ச்சி அட்டையில் குறிப்போம். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. முன்பு போட்ட புள்ளிகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் கோடு கீழே சரிகிறதா என்பது தெரியும். அதனால் பழைய அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள். மேல் உதட்டைத் தூக்கி ஈறு ஓரம் பார்ப்போம். அங்கே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தையின் ஆரம்பம். அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடலாம்.

பிறகு 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் தருவோம். ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க. "தனக்குப் பிடித்த ஒன்றை உங்களுக்குக் காட்ட விரலால் சுட்டுகிறாளா?" என்பதுபோல இருக்கும். ஒரே ஒரு தடவை செய்ததை "ஆமாம்" என்று எழுதாதீர்கள். மதிப்பெண் கூடினாலும் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது, இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று விளையாட்டாக அவள் கண்ணை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கையைத் தட்டிவிட்டாள்! பயப்படணுமா?

பதில் 1

இந்த வயதில் இரண்டு பக்கமும் தட்டிவிடுவது சகஜம். ஒரே பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப அழுதால்தான் உடனே காட்ட வேண்டும். படம் பார்த்துச் சொல்கிற வயது வராத குழந்தைகளுக்குத் தூரத்திலிருந்து போட்டோ எடுப்பதுபோல ஒரு கருவி இருக்கிறது, சில நொடி வேலை. அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். அவள் தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.