மேகத்தின் மீதான அதிகாரம்: ஜீயசும் யாவேயும்

கேள்வி:
ஹோமரின் இலியட் காவியம் கிரேக்கரின் தலைமைக் கடவுளான ஜீயசை மேகங்களைத் திரட்டுபவர் என்று மீண்டும் மீண்டும் அழைக்கிறது. பைபிளின் 104ஆம் சங்கீதத்திலோ இஸ்ரவேலின் கடவுளான யாவே மேகங்களைத் தேராக்கிக் காற்றின் சிறகுகள் மீது செல்கிறார். இவ்விரண்டும் ஒரே அதிகாரத்தின் இரு வடிவங்கள்தாமா, அல்லது அடிப்படையிலேயே வேறானவையா?

மறுமொழி 1:
ஒற்றுமைக்கு வலுவான காரணம் உண்டு. கிரேக்கமும் இஸ்ரவேலர் வாழ்ந்த கானானும் வானம் பார்த்த பூமிகள். தங்கள் கடவுள் மழை தர மறுத்தால் கிரேக்கர் ஒருநாள் பட்டினி கிடப்பர் என்று நைல் நதியை நம்பி வாழ்ந்த எகிப்தியர் சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பைபிளின் உபாகமம் 11ஆம் அதிகாரமும் எகிப்தின் பாசன வயல்களுக்கு எதிராக, வானத்து மழையைக் குடிக்கும் தேசமாகவே கானானைக் காட்டுகிறது.

ஆனால் ஜீயசின் அதிகாரம் பாகப்பிரிவினையில் வந்தது. இலியட்டின் 15ஆம் பாடலின்படி, மூன்று சகோதரர்கள் சீட்டுப் போட்டு உலகைப் பகிர்ந்தபோது வானமும் மேகங்களும் அவருக்கு விழுந்தன, கடல் பொசைடனுக்கும் பாதாளம் ஹேடீசுக்கும் சென்றன. அப்படியிருந்தும் ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியின் 5ஆம் பாடலில் பொசைடன் தாமே மேகங்களைத் திரட்டி, புயலை எழுப்பி, ஒடிசியசின் தெப்பத்தைச் சிதறடிக்கிறார். 10ஆம் பாடலில் காற்றுகளின் காவல் ஏயோலசிடம் இருக்கிறது. எபிரேய நூல்களில் யாவேக்கு இத்தகைய பங்காளி எவரும் இல்லை.

மறுமொழி 2:
பங்காளி இல்லாவிட்டாலும் போட்டியாளர் இருந்தார் என்பதை நண்பர் விட்டுவிட்டார். சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்த, உகாரித் என்ற பண்டைய நகரின் களிமண் பலகைகளில் மேகங்களின் மீது ஏறிச் செல்பவர் என்ற பட்டம் புயலுக்கும் மழைக்கும் உரிய கடவுளான பாகாலுக்கு உரியது. இதை மனத்தில் கொண்டு முதலாம் இராஜாக்கள் 17, 18ஆம் அதிகாரங்களைப் படித்தால், யாவேயின் தீர்க்கதரிசி எலியா அறிவித்த வறட்சி பாகாலை அவருடைய சொந்தக் களத்திலேயே மடக்கும் செயல் என்பது விளங்கும். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் தோற்ற பின்னரே, எலியாவின் ஊழியக்காரன் ஏழாம் முறை பார்த்தபோது, உள்ளங்கை அளவு மேகம் கடலிலிருந்து எழும்புகிறது. மழை கொடுக்கும் உரிமை யாருடையது என்ற வழக்கு அத்துடன் தீர்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் மழையை மனிதரின் நடத்தையோடு பிணைத்தது எபிரேயர் மட்டும்தானா?

மறுமொழி 3:
அல்ல. கட்டளைகளை மீறினால் வானம் அடைபடும் என்பது உபாகமத்தின் எச்சரிக்கை. தீர்க்கதரிசி ஆமோசின் நூலில் 4ஆம் அதிகாரத்தில் கடவுள் ஒரு பட்டணத்தில் மழை பெய்யச் செய்து மற்றொன்றில் நிறுத்துகிறார். எனினும் இலியட்டின் 16ஆம் பாடலில், சபையில் கோணலான தீர்ப்பு வழங்குவோர் மீது சினந்து ஜீயஸ் கொட்டும் மழையில் ஆறுகள் பெருகி, மனிதர் உழுத நிலங்களை அழிக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை ஹோமரில் இத்தகைய இடங்கள் அரிது, ஆமோசிலோ அதுவே மையம். தண்டனையின் திசையும் வேறு: ஹோமரில் மிகுமழை, எபிரேய நூல்களில் வறட்சி.